புல்லையும் மறவாதவர்

பொதுக்காலம் 8-ஆம் ஞாயிறு – முதலாம் ஆண்டு
எசாயா 49:14-15; 1 கொரிந்தியர் 4:1-5; மத்தேயு 6:24-34



இன்றைய நற்செய்தியைக் கேட்டதும் நம்மில் பலருடைய மனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்திருக்கும். "கவலைப்படாதே என்று ஆண்டவர் சொல்லிவிட்டார், ஃபாதரும் சொல்லப்போகிறார். முதல் தேதி வந்தால் வாடகையை யார் கொடுப்பது? பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது? அப்பாவின் மருந்துச் சீட்டோடு கடைக்கு யார் போவது?"

இந்த முணுமுணுப்பு பாவமன்று. ஆண்டவர் இந்த வார்த்தைகளை விருந்து மண்டபத்தில் அமர்ந்திருந்தவர்களிடம் சொல்லவில்லை. அன்றன்றைய கூலியை அன்றன்றே எண்ணி வாங்கியவர்களிடம் சொன்னார். இரவெல்லாம் வலை வீசியும் வெறும் படகோடு கரை திரும்பிய மீனவர்களிடம், வரி கட்டியே ஓய்ந்துபோன குடும்பங்களிடம் சொன்னார். அவரே தச்சர் வீட்டில் வளர்ந்தவர். அடுப்பில் போட விறகு இல்லாத நாள் எப்படி இருக்கும் என்பதை நாசரேத்து வீட்டில் பார்த்தவர். அப்படிப்பட்டவர் "கவலைப்படாதீர்கள்" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வழியும் இருக்க வேண்டும் அல்லவா?

இருக்கிறது. "பாருங்கள்" என்கிறார். முதலில் வானத்துப் பறவைகளைப் பார்க்கச் சொல்கிறார், அடுத்துக் காட்டுப் பூக்களை. நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் பறவைகளுக்கு ஒரு சொல்லும் பூக்களுக்கு வேறு ஒரு சொல்லும் வருகின்றன. பறவைகளை உற்றுப் பார்த்தால் போதும். பூக்களுக்கு வரும் சொல் அதைவிட ஆழமானது: பாடம் மனத்தில் பதியும்வரை கவனித்துக் கற்றுக்கொள்வது என்று அதற்குப் பொருள். "சீடர்" என்பதற்கான கிரேக்கச் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஆக, பூவின் முன் சீடரைப்போல உட்காருங்கள் என்கிறார் நம் ஆண்டவர்.

பூவின் முன் சீடராக உட்காருவது எப்படி? தன் வாழ்க்கையின் பெரும்பகுதியை அப்படி உட்கார்ந்தே கழித்த ஒருவரைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அவர் புனிதர் பட்டம் பெற்றவர் அல்லர். மார்ட்டின் ஜான்சன் ஹீட் என்ற அமெரிக்க ஓவியர். 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், பென்சில்வேனியாவில் டெலவேர் ஆற்றங்கரையிலுள்ள லம்பர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். 85 ஆண்டுகள் வாழ்ந்து 1904-இல் கண்மூடினார். வாழ்நாளெல்லாம் அவர் திரும்பத் திரும்ப வரைந்தவை இரண்டு: ஒன்று, கடலும் கரையும் சந்திக்கும் இடம், மற்றொன்று, பூ.

அவருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் எட்வர்ட் ஹிக்ஸ். வண்டிகளுக்கு வண்ணமடித்தும் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும் பிழைத்தவர் ஹிக்ஸ். குவேக்கர் சபையின் போதகரும்கூட. இறைவாக்கினர் எசாயா கண்ட ஒரு காட்சி அவரை விடவே இல்லை. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்க, சிறுத்தையும் வெள்ளாடும் பக்கத்தில் படுத்திருக்க, ஒரு சின்னப் பிள்ளை அவற்றையெல்லாம் நடத்திச் செல்லும் காட்சி. அதை அவர் 60 முறைக்கு மேல் வரைந்தார். ஒருமுறை பார்த்து முடித்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பாடத்தை மாணவரும் கற்றுக்கொண்டார்.

அன்பானவர்களே, ஹீட் வரைந்த கடற்கரை எப்படிப்பட்டது தெரியுமா? மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூபரிபோர்ட் என்ற ஊரை ஒட்டி உப்புச் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. கடல் நாளுக்கு இருமுறை ஏறி வந்து அதை நனைக்கும், இருமுறை வடிந்துபோகும். மலை இல்லை, அருவி இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல். நடுவே வளைந்து வளைந்து போகும் நீரோடை. அங்கங்கே வைக்கோல் போர்போலக் குவித்து வைத்த புற்குவியல்கள். அந்தக் காலத்து ஓவியர்கள் பெரிய மலைகளையும் நயாகரா போன்ற அருவிகளையும் தேடிப் போனார்கள். ஹீட்டோ இந்தப் புல்வெளிக்கே திரும்பத் திரும்ப வந்தார். 100-க்கும் மேற்பட்ட சதுப்பு நிலப் படங்களை வரைந்தார். விடியலில் ஒன்று, மழை விட்ட பின் ஒன்று, மேகத்தின் நிழல் பாதி வெளியை மூட மீதிப் பாதியில் வெயில் விழும்போது ஒன்று. இடம் ஏறக்குறைய அதேதான். அதன்மேல் விழுந்த ஒளி ஒவ்வொரு நாளும் வேறு.

அந்தப் புற்குவியலைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். அந்நாளில் கோடை முடியும் காலத்தில் உழவர்கள் அந்த உவர்ப்புல்லை அறுப்பார்கள். தரையில் குவித்தால் கடல் ஏறும்போது அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் சேற்றில் குட்டையான மரக்கம்பங்களை நெருக்கமாக நட்டு, அவற்றின்மேல் புல்லை அடுக்கி வட்டமாகப் போர் போடுவார்கள். குளிர்காலம் வந்து சதுப்பு உறைந்ததும், பனிமேல் சறுக்கு வண்டி இழுத்துவந்து மாட்டுக்கும் குதிரைக்கும் எடுத்துப்போவார்கள். ஹீட் வரைந்தது விலையுயர்ந்த பொருளை அன்று. இன்று பச்சையாக நிற்கும், நாளை அரிவாளுக்குப் போகும், மறுநாள் மாட்டின் வாய்க்குப் போகும் புல். நற்செய்தியில் ஆண்டவர் சுட்டிக்காட்டுவதும் அதே புல்தான். விறகு அரிதான பாலஸ்தீன நாட்டில் பெண்கள் உலர்ந்த புல்லையும் பூச்செடிகளையும் பறித்து மண் அடுப்பில் போட்டு அப்பம் சுடுவார்கள். காலையில் பூத்திருந்தது மாலையில் சாம்பல். "அந்தப் புல்லுக்கே என் தந்தை இவ்வளவு அழகான உடை தைத்துக் கொடுத்தார் என்றால், உனக்குக் கொடுக்க மாட்டாரா?" என்பதுதான் இயேசு எழுப்பும் கேள்வி.

நாமோ பெரிய புதுமைகளில் மட்டும் கடவுளைத் தேடுகிறோம். வேண்டுதல் நிறைவேறிய நாளில் அவர் நம்மோடு இருந்தார் என்கிறோம். மற்ற 364 நாள்களும் புல்வெளிபோலத் தட்டையாகக் கிடக்கின்றன. அந்தத் தட்டை நாள்களின்மேல் விழும் ஒளியை நாம் பார்ப்பதில்லை.

பறவைகளிடமும் ஹீட் பாடம் கேட்டார். சிறுவயதிலிருந்தே அவருக்கு ஹம்மிங் பறவைகள்மேல் தீராத ஆசை. நம் தோட்டத்துத் தேன்சிட்டைப்போல, ஆனால் அதைவிடவும் சிறிய பறவை. சில கிராம் எடைதான் இருக்கும். 1863-இல் அதற்காகவே கப்பலேறிப் பிரேசில் நாட்டுக்குப் போனார். காட்டில் தேடித் தேடி அந்தப் பறவைகளை வரைந்தார். பின்னாளில் அவற்றை ஆர்க்கிட் பூக்களோடு சேர்த்து வரைந்த படங்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்தப் பறவையின் வாழ்க்கையைக் கவனித்தால், நற்செய்திக்கு ஒரு நல்ல விளக்கம் கிடைக்கும். அதற்குக் களஞ்சியம் இல்லை. ஆனால் அது சும்மாவும் இருப்பதில்லை. விடிந்ததிலிருந்து அடையும்வரை பூப்பூவாகப் பறந்துகொண்டே இருக்கும். சிறகு அடிப்பது கண்ணுக்கே தெரியாது. வானத்துப் பறவைகளைப் பாருங்கள் என்று சொன்னவர் சோம்பேறித்தனத்தைக் கற்றுத்தரவில்லை. பறவை உழைக்கிறது, தந்தை ஊட்டுகிறார். உழைப்பு நம்முடையது, விளைவு அவருடையது. விளைவையும் நம் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளும்போதுதான் கவலை நம்மை அழுத்துகிறது.

இந்த ஓவியர் பறவைகளுக்காகப் பேசவும் செய்தார். 1880 முதல், இறக்கும் ஆண்டுவரை, காட்டையும் வேட்டையையும் பற்றிய ஒரு பத்திரிகைக்கு 100-க்கும் மேற்பட்ட கடிதங்களும் கட்டுரைகளும் எழுதினார். பறவைகளை வரைமுறையின்றிக் கொல்வதை அவற்றில் கண்டித்தார். அவற்றை எழுத அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்: திதிம். நம் மண்ணுக்கு நற்செய்தி கொண்டு வந்தவர் என்று நாம் போற்றும் திருத்தூதர் தோமாவின் பெயர். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்தவர் தோமா. ஆண்டவர் அவரைக் கடிந்து தள்ளிவிடவில்லை. அருகில் அழைத்து, "பார், தொட்டுப் பார்" என்று காயத்தைக் காட்டினார். உற்றுப் பார்க்கிறவர்களை நம் ஆண்டவர் என்றுமே விரட்டியதில்லை.

சகோதர சகோதரிகளே, இன்னொரு படத்தைச் சொல்லியாக வேண்டும். ஹீட் 1859-இல் வரைந்தது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புயல் நெருங்கும் கடற்கரை. வானம் கறுத்துவிட்டது, கீழே நீரும் மை கொட்டியதுபோலக் கறுப்பு. தூரத்தில் ஒரு வெள்ளைப் பாய் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. ஒருவர் படகைத் துடுப்பு வலித்துக் கரைக்குக் கொண்டுவருகிறார். இந்தப் பக்கம் கரையில் ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய நாய். அவர் எழுந்து ஓடவில்லை, தலையில் கைவைத்துக்கொள்ளவும் இல்லை. வரும் புயலை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் படம் என்னைப் பலமுறை சோதித்திருக்கிறது. நாளை வரப்போகும் புயலை நான் எப்படிப் பார்க்கிறேன்? பெரும்பாலும் நான் பார்ப்பதே இல்லை, கற்பனை செய்கிறேன். இரவு இரண்டு மணிக்குக் கண்விழித்து, வராத நோய்க்கு மருத்துவமனையைத் தேடுகிறேன், சொல்லப்படாத சொல்லுக்குப் பதில் தயார் செய்கிறேன். கவலை என்பது அதுதான்: கண்ணை மூடிக்கொண்டு இருட்டைப் பார்ப்பது. ஆண்டவர் "கண்ணைத் திற" என்கிறார். புயல் இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் தொல்லை இருக்கிறது என்பதை இன்றைய நற்செய்தியின் கடைசி வரியில் அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் இன்றைய தொல்லையைச் சுமக்க இன்று அருள் தருகிறார். நாளைய தொல்லைக்கான அருள் நாளைக் காலையில்தான் வரும். பாலைநிலத்தில் மன்னாவை மறுநாளுக்குச் சேர்த்து வைத்தவர்களின் பானையில் புழுதான் மிஞ்சியது.

ஹீட்டுக்கு 64 வயதாகும்வரை நிலையான வீடு என்று ஒன்றுமில்லை. ஊர் ஊராக அலைந்தார். பிரேசில் பறவைகளைப் பற்றி அவர் கனவு கண்ட புத்தகம் கடைசிவரை வெளிவரவில்லை. நாட்டின் புகழ்பெற்ற ஓவியக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவே இல்லை. 1883-இல் திருமணம் செய்துகொண்டு, புளோரிடாவில் கடலோரமாக இருக்கும் ஒரு பழைய ஊரில் குடியேறினார். அந்த ஊரின் பெயர் செயின்ட் அகஸ்டின். 1565-இல் ஸ்பானியர்கள் அந்தக் கரையை முதலில் கண்டது ஆகஸ்டு 28, புனித அகுஸ்தின் திருநாளில். அதனால் அந்தப் பெயர்.

அந்த ஊரில் ஹென்றி ஃபிளாக்லர் என்ற எண்ணெய் வணிகப் பெருஞ்செல்வர் மாபெரும் விடுதி ஒன்றைக் கட்டினார். 1888-இல் திறக்கப்பட்டது. ஸ்பானிய அரண்மனைபோன்ற கோபுரங்கள், கண்ணாடிக் கலைஞர் டிஃபனியின் வண்ணக் கண்ணாடிகள், அக்காலத்தில் அதிசயமாக இருந்த மின்விளக்குகள். குளிர்காலம் வந்தால் வடக்கிலிருந்து பணக்காரக் குடும்பங்கள் வந்து இறங்கும். நற்செய்தியில் வரும் சாலமோனின் மாட்சியை அந்தக் காலத்து மனிதர் கண்ணால் காண வேண்டுமென்றால் அங்கே போயிருக்கலாம். அந்த விடுதியின் பின்புறம் ஓவியர்களுக்கான அறைகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றில், எழுபது வயது கடந்த ஹீட் அமர்ந்து மக்னோலியாப் பூக்களை வரைந்துகொண்டிருந்தார்.

நம் செண்பகம் இந்த மக்னோலியாவின் நெருங்கிய உறவு. ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. புளோரிடாவின் மக்னோலியா பெரியது. உள்ளங்கை இரண்டையும் விரித்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். தடித்த வெள்ளை இதழ், பளபளக்கும் பச்சை இலை. இலையின் அடிப்பக்கம் துருவின் நிறத்தில் பட்டுப்போல மென்மையாக இருக்கும். விரலால் அழுத்தினால் போதும், இதழில் பழுப்புத் தடம் விழுந்துவிடும். ஓரிரு நாளில் வாடிவிடும். ஹீட் அந்தப் பூவைச் சாடியில் நிறுத்தவில்லை. நீலமோ சிவப்போ பொன்னிறமோ உள்ள வெல்வெட் துணிமேல், களைத்த ஒருவரைப் படுக்கையில் கிடத்துவதுபோலக் கிடத்தினார். நாளை வாடப்போவதற்கு இன்று அரசமரியாதை! முன்னால் அரண்மனையில் மின்விளக்குகள் எரிந்தன. பின்னால் சிறிய அறையில் ஒரு முதியவர், அந்த அரண்மனைக்கும் இல்லாத அழகு ஒரு பூவுக்கு இருக்கிறது என்று தூரிகையால் சொல்லிக்கொண்டிருந்தார். சாலமோனும் இப்படி உடுத்தியதில்லை என்று ஆண்டவர் சொன்னதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

இங்கேதான் முதல் வாசகத்துக்கு வருகிறோம். சீயோன் புலம்புகிறாள்: ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார், என் நினைப்பே அவருக்கு இல்லை என்று. அதற்குக் கடவுள் தரும் பதில் விவிலியத்திலேயே மிகவும் கனிவான பதில்களுள் ஒன்று. பாலூட்டும் தாய் தன் மடியிலுள்ள பிள்ளையை மறப்பாளா? ஒருவேளை அவளே மறந்தாலும் நான் உன்னை மறக்க மாட்டேன் என்கிறார்.

1904-இல் ஹீட் இறந்தபோது உலகம் அவரை மறந்துவிட்டிருந்தது. சுமார் நாற்பது ஆண்டுகள் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை. 1868-இல் அவர் வரைந்த ஒரு புயல் படம் பழம்பொருள் கடை ஒன்றில் கிடந்தது. 1943-இல் அதை நியூயார்க் கண்காட்சி ஒன்றில் வைத்தபோதுதான், யார் இந்த மனிதர் என்று எல்லாரும் கேட்டார்கள். அதன்பிறகு பரண்களிலிருந்தும் பழைய சாமான் கடைகளிலிருந்தும் அவருடைய ஓவியங்கள் ஒன்றொன்றாக வெளியே வரத் தொடங்கின. இண்டியானா மாநிலத்தில் தொழிலாளி ஒருவர் பழைய அறைகலன்கள் வாங்கியபோது அவற்றோடு ஒரு பூப்படமும் வந்தது. அவர் வீட்டுச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. அதை மறைக்க அந்தப் படத்தை மாட்டினார். ஒருநாள் ஓவிய ஏலத்தை வைத்து ஆடும் ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தபோது, அட்டையில் இருந்த பூவும் தன் வீட்டுப் பூவும் ஒன்றுபோல் இருப்பதைக் கவனித்தார். விசாரித்தார். பொன்னிற வெல்வெட் துணிமேல் ஹீட் கிடத்திய மக்னோலியாக்கள் அவை! 1999-இல் ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகம் அந்தப் படத்தை 12.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2004-இல், ஹீட் இறந்து நூறு ஆண்டு ஆனபோது, அவருடைய மக்னோலியா அமெரிக்காவின் அஞ்சல்தலையில் மலர்ந்தது.

அன்பு இறைமக்களே, இது பணத்தின் கதையாக உங்கள் மனத்தில் தங்கிவிடக் கூடாது. ஓட்டையை மறைத்துக்கொண்டிருந்த நாள்களிலும் அந்தப் படம் அதே படம்தான். பூவின் வெண்மை கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. பார்க்கும் கண் அன்றுதான் வந்தது. அழகு எப்போதும் அங்கேயே இருந்தது. இரண்டாம் வாசகத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதுவதும் இதைத்தான். உரிய காலம் வருமுன் யாருக்கும் தீர்ப்பிடாதீர்கள். ஆண்டவர் வரும்போது இருளில் கிடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார், உள்ளங்களில் ஒளிந்திருப்பதையும் காட்டுவார். அப்போது அவரவர்க்கு உரிய பாராட்டு கடவுளிடமிருந்தே கிடைக்கும். மனிதர் தரும் மதிப்பெண்ணைப் பற்றிப் பவுல் கவலைப்படவில்லை. தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளவும் இல்லை. பொறுப்பாளரிடம் எதிர்பார்க்கப்படுவது நம்பிக்கைக்கு உரியவராக இருப்பது ஒன்றுதான் என்கிறார்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். சனிக்கிழமை மாலையானால் ஈரத்துணியில் சுற்றிய பூக்களோடு வந்து கோவிலின் பக்கவாசல் படியில் உட்காருவார். ஒவ்வொரு பூவாக எடுத்து, ஓரம் பழுத்த இதழை மட்டும் நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டு, வாழைநாரை நனைத்துக் கட்டுவார். பீடத்தின் முன்பக்கம் எவ்வளவு பூ வைப்பாரோ அதே அளவு பின்பக்கமும் வைப்பார். நான் ஒருநாள் கேட்டேன், "அம்மா, பின்பக்கம் யாருக்கும் தெரியாதே, அங்கே எதுக்கு இவ்வளவு பூ?" அவர் தலை நிமிராமலே சொன்னார், "சாமி, ஜனங்க முன்பக்கந்தான் பார்க்கிறாங்க. நற்கருணைப் பேழை பின்பக்கந்தானே இருக்கு?"

அதற்குமேல் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் படித்தும் எனக்கு விளங்காத ஒன்றை, வாழைநாரைப் பல்லில் கடித்துக்கொண்டே அந்த அம்மா விளக்கிவிட்டார். யாரும் பார்க்காத பக்கத்தைப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் பார்க்கிறார் என்று நம்புகிறவருக்கு, மனிதர் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் இல்லை. செல்வத்துக்கும் கடவுளுக்கும் ஒரே நேரத்தில் ஊழியம் செய்ய முடியாது என்று இன்று கேட்டோம். புகழுக்கும் அப்படித்தான்.

இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்யும்படி உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, கடவுள் படைத்த ஏதாவது ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். மாடித் தொட்டியில் பூத்த செம்பருத்தி போதும், மின்கம்பியில் வந்து உட்காரும் மைனா போதும், சாலையோரப் புல் போதும். ஒன்றும் கேட்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். இதைக் காப்பாற்றுகிறவர் என் தந்தை என்று மட்டும் மனத்துக்குள் சொல்லுங்கள். இதுவும் செபம்தான்.

அடுத்ததாக, நாளையைப் பற்றிய பயம் வரும்போது, அதில் இன்று என் கையால் செய்யக்கூடியது எது என்று பாருங்கள். பணம் கட்ட வேண்டுமா, இன்று கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள். உடம்பு சரியில்லையா, இன்று மருத்துவரைப் பாருங்கள். அந்த ஒன்றைச் செய்துவிட்டு மீதியை இரவு செபத்தில் பெயர் சொல்லித் தந்தையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். அங்கேயும் ஓட்டையை மறைக்க மாட்டிவைத்த படங்கள் இருக்கலாம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், வீட்டைக் காவல் காக்க ஓர் ஆள் என்று மட்டுமே நாம் வைத்திருக்கும் வயதான அம்மா, அப்பா. பேச்சு வராமல் படுக்கையில் கிடக்கும் சித்தப்பா. படிப்பு ஏறவில்லை என்று நாம் ஓரம் கட்டிவிட்ட பிள்ளை. அவர்களுக்குப் பக்கத்தில் போய் அமருங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? அந்த முகத்தை வரைந்தவரின் கையெழுத்து அதன் ஓரத்தில் இருக்கிறது. தன் சாயலாகவே அவர் வரைந்த முகம் அது.

இன்னும் சற்று நேரத்தில் அப்பமும் இரசமும் இந்தப் பீடத்துக்கு வரும். கோதுமையும் ஒரு புல்தான், அன்பர்களே. நம் நெல்லைப்போல அதுவும் புல்லினத்தைச் சேர்ந்தது. ஏதோ ஒரு வயலில் பச்சையாக நின்றது, அறுக்கப்பட்டது, அரைக்கப்பட்டது, அடுப்பின் வெப்பத்தில் வெந்தது. இன்றிருந்து நாளை அடுப்புக்குப் போகும் புல் என்று ஆண்டவர் சொன்னாரே, அந்தப் புல்லின் உறவைத்தான் அவர் தம் கைகளில் எடுத்துக்கொள்கிறார். எடுத்து, வானத்தை நோக்கி நன்றி கூறி, தம் உடலாக்கி நமக்குத் தருகிறார். புல்லை மறக்காதவர் மட்டுமல்லர் நம் கடவுள். நம்மோடு இருப்பதற்காகப் புல்லின் அளவுக்குத் தம்மைத் தாழ்த்திக்கொண்டவர். அவர் நம் நாவில் வந்து அமரும்போது, நாளையைப் பற்றி நம்மிடம் இருக்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதிலாகத் தம்மையே தருகிறார்.

மன்றாடுவோம்: விண்ணகத் தந்தையே, நாங்கள் பார்க்காமல் கடந்துபோகும் பூவையும் நீர் பார்க்கிறீர், நாங்கள் மறந்துவிட்ட மனிதரையும் நீர் நினைக்கிறீர். எங்கள் கண்களைத் திறந்தருளும். இன்றைய நாளை உம் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவும், நாளைய நாளை உம் கையிலேயே விட்டுவைக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.